எவடம்

வேலை போன மறுநாளே
புது ஈமெயில் ஒன்று திறந்தேன்,
வேலை கேட்க மட்டும்.
வங்கிக்கும் அம்மாவுக்கும் தெரிந்த பழையதை
எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

ஹம்டன் லேன் போர்டிங்கில் மேல்மாடி அறை.
கடற்கரை ரயில் போகும்போது
மேசையும் போனும் சேர்ந்து அதிரும்.
எது ரயில், எது செய்தி என்று
முதல் கிழமை பிடிபடவில்லை.

செய்திகள் வந்தபடி இருந்தன.
வீட்டிலிருந்தே தட்டச்சு, நாளுக்குப் பன்னிரண்டாயிரம்.
கப்பலில் கணக்காளர், அனுபவம் தேவையில்லை.
வீடியோவுக்கு லைக் போட்டால் காசு.
நான் விண்ணப்பிக்காத கம்பனிகள்
என்னைத் தெரிவு செய்து வாழ்த்தின.
புறக்கோட்டை உடுப்புக் கடையில்
ஏழு வருஷம் கணக்கெழுதிய கை இது:
வரவு கொழுத்திருந்தால்
பற்று எங்கேயோ ஒளிந்திருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் ஆசைப்பட்டேன், ஒளிப்பானேன்.
பம்பலப்பிட்டியில் அலுவலகம்,
இலக்கம் கூடப் போட்டிருந்தார்கள்.
அடையாள அட்டைப் படம் கேட்டார்கள்.
அனுப்பமுதல் நடந்து போய்ப் பார்த்தேன்.
அந்த இலக்கத்தில் சலூன்.
சவர நுரைக் கையோடு திரும்பியவர்
என் ஃபைலைப் பார்த்ததுமே சிங்களத்தில் சொன்னார்:
'இந்தக் கிழமை நீங்கள் ஆறாவது ஆள், நங்கி.
நேற்று வந்தவன் காசும் கட்டிவிட்டானாம்.
தண்ணி குடிக்கிறீங்களா?'
குடித்தேன்.

பிறகு ஒலிவியா வந்தாள்.
சிங்கப்பூர்க் கம்பனி, மனிதவளப் பகுதி,
பொன்னிறத் தலைமுடி.
'அன்பான வேட்பாளரே,
உங்கள் மதிப்புமிக்க சுயவிவரம் எங்களால் நேசிக்கப்பட்டது.'
இப்படித் தமிழ் எழுதுகிறவர் ஒருவரும்
எனக்குச் சம்பளம் தரப்போவதில்லை.
அழித்துவிட்டுப் படுத்திருக்கலாம்.
இரவு ஒரு மணி. நித்திரை இல்லை.
பதில் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான்
போட்டேன்.

பதிவுக் கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு.
'சம்பளத்தில கழியுங்கோவன்' என்றேன்.
விதிமுறை இடமளிக்காது என்றாள்.
'வேலை தாறவை காசு கேப்பினமோ?'
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
'அக்கா சாப்பிட்டிட்டியளோ?'

எழும்பி உட்கார்ந்தேன்.
இந்த 'யளோ'வை
எந்த இயந்திரத்துக்கும் இன்னும்
ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.
பொன்னிறத் தலைமுடிக்குப் பின்னால்
சாப்பிடாத ஒரு பிள்ளை இருந்தது.

'நீர் எவடம்?' என்று கேட்டேன்.

மூன்று புள்ளிகள் எழும்பின.
விழுந்தன. திரும்ப எழும்பின.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் மட்டும்
இரைந்துகொண்டிருந்தது.

'எனக்கும் தெரியாதக்கா. ஆறு தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தவை.
நானும் டேட்டா என்ட்ரி எண்டுதான் வந்தனான்.'

நான் ஊரைக் கேட்டேன்.
அவனுக்கு அது வேறு கேள்வியாய் விளங்கியிருக்கிறது.

'காசு கட்டிப்போடாதேங்கோ.'

வாசித்து முடியமுன் இரண்டும் மறைந்தன.
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
அடுத்த நிமிஷம்:
'அன்பான வேட்பாளரே, சலுகை இன்றிரவு முடிவடைகிறது.'
முதுகுக்குப் பின்னால்
யாரோ வந்து நின்றிருக்க வேண்டும்.

காலையில் பொலிஸுக்குப் போனேன்.
இலக்கத்தைக் கொடுத்தேன்.
பெயர்?
ஒலிவியா. இல்லை. தெரியாது.
ஊர்?
கேட்டேன், சொல்ல விடவில்லை.
எவ்வளவு காசு போனது?
ஒன்றும் போகவில்லை.
பேனையை மூடினார்.
'பிறகென்ன முறைப்பாடு, மிஸ்?'

வெயிலில் காலி வீதியைக் கடந்தேன்.
அதற்குள் இன்னும் நாலு வாழ்த்து வந்திருந்தது.
நாலையும் முறையிட்டு, தடை செய்து,
ஒரு தேநீர் குடித்தேன்.
புதன்கிழமை தெமட்டகொடையில் நேர்முகம்,
பெயிண்ட் கடை. நேரில் வரச்சொன்னார்கள்,
வேறொன்றும் கேட்கவில்லை.

ஒலிவியாவை மட்டும்
இன்னும் தடை செய்யவில்லை.
மேசை அதிர்ந்தால்
ரயில் என்று தெரிந்தும்
போனைத் திருப்பிப் பார்க்கிறேன்.